சீர்த்தட்டில் மதர்போர்டு

தாய்மாமனுக்கு எங்கள் பக்கம் உள்ள மரியாதையெல்லாம் அவன் சீரை இறக்கி வைக்கிற வரைக்கும்தான். இறக்கி வைத்துவிட்டால் மரியாதை தட்டுகளுக்குப் போய்விடும். தட்டில் என்ன இருக்கிறது, போன மாசம் இன்னார் வீட்டுக்கு வந்ததைவிடக் கூடவா குறைச்சலா என்று சனம் எட்டி எட்டிப் பார்க்கும். மாமன்காரன் ஓரமாக வேர்த்து வடிந்து நிற்பான். பீரோ இறக்கிய மாமன்கள் உண்டு, ஸ்கூட்டி இறக்கிய மாமன்கள் உண்டு. சீர் இறக்கி ஒரு மண்டபத்தையே இருட்டாக்கிய மாமன், எனக்குத் தெரிந்து தேனி மாவட்டத்தில் நான் ஒருவன்தான். (வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.)

என் அக்கா கவிதாவைப் பொட்டிப்புரத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். தோட்டம் துரவு உள்ள குடும்பம். அக்கா மகள் யாழினியின் காதணி விழா, வீடு கட்டினார்கள், போர் போட்டார்கள், மழை பெய்யவில்லை என்று தள்ளித் தள்ளிப் போய், அவள் ஏழாம் வகுப்புக்கு வந்தபிறகுதான் நாள் குறித்தார்கள். காது என்னவோ பால்குடி வயசிலேயே குத்தியாகிவிட்டது. விழாதான் பாக்கி. அவளுக்கு ஒரே தாய்மாமன் நான். பழனிசெட்டிபட்டியில் வீடு, அல்லிநகரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, மனசுக்குள் பெரிய ஆள்.

சங்கிலி போடுவதாகத்தான் பேச்சு. யாழினி போன் செய்து அதை மாற்றினாள்.

"மாமா, சங்கிலி போட்டா அம்மா அதை பீரோவுல வச்சுப் பூட்டிரும். எனக்குக் கேமிங் பிசி வாங்கிக் குடுங்க. கடையில ரெடியா இருக்குறது வேணாம். பார்ட் பார்ட்டா வாங்கி நீங்களே மாட்டித் தரணும். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்ல?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் விழுந்தேன். கம்ப்யூட்டர் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், நின்றுபோனால் ஒருமுறை அணைத்துப் போடுவது. ஆனால் 'தெரியாது' என்கிற சொல் அந்த வயசில் என் வாயில் வரவே வராது.

பின்னாலேயே அக்கா போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்து பேசினாள். "ஏலே, எங்க நாத்தனா வாயி உனக்குத் தெரியும்ல. தங்கம் இல்லாம சீர் வந்துச்சுன்னு வையி, நான் சாகுற மட்டும் சொல்லிக் காட்டுவாக. புள்ள ஆசப்படுது, நான் வேணாம்ங்கல. பாத்துச் செய்யி."

அதட்டிப் பேசியே பழகிய அக்கா அன்று குரல் இறங்கிப் பேசினாள். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட ரோஷமாக இருந்தது. "நீ கவலைப்படாதக்கா. சீரப் பாத்து அவுக வாயடைச்சுப் போவாக" என்றேன்.

அடுத்த ஒரு மாசம் நான் ஆபீசுக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை. (சம்பளம் வந்தது, போயிருப்பேன்.) சாப்பிடும்போது வீடியோ, படுக்கும்போது வீடியோ. முதலில் கற்றுக்கொண்டது பொருத்தம். எல்லா மதர்போர்டும் எல்லா பிராசசரையும் ஏற்றுக்கொள்ளாது, சாக்கெட் பொருந்த வேண்டும். ராம், அதாவது மெமரி, போர்டுக்குப் பொருந்த வேண்டும். கிராபிக்ஸ் கார்டு நீளத்தில் கேபினெட் கூட்டுக்குள் அடங்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்கிற பெட்டி, அத்தனை பேரையும் தாங்குகிற தெம்போடு இருக்க வேண்டும். ஒருநாள் நண்பனிடம் போனில், "புராசசர் நல்லாத்தான்டா இருக்கு, மதர்தான் ஒத்து வரல" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அம்மா, "ஏன்டா, பொண்ணோட அம்மா ஒரு மாதிரியா?" என்று கவலையாகக் கேட்டாள். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அல்லிநகரத்தில் எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் என் தேவையைக் கேட்டு நாற்காலியை இழுத்துப் போட்டார். "தம்பி, இங்கன சிசிடிவி கேட்டு வருவாக, பில் போடுற மெஷின் கேட்டு வருவாக. இம்புட்டுப் பெரிய கிராபிக்ஸ் கார்டு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். பத்திரிக டிசைன் பண்ணவா?" அதனால் பாதி சாமான் மதுரையில் வாங்கினேன், மீதி கூரியரில் வந்தது. ஒவ்வொன்றாக அலசி, விலை பேசி, ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்து வாங்கினேன். இன்றைக்கும் அந்தத் தேர்வில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. பொருளில் தப்பே இல்லை, தப்பெல்லாம் தட்டில்தான் நடந்தது.

வீட்டிலேயே மாட்டி முடித்து முழுசாகக் கொண்டுபோவதாகத்தான் என் திட்டம். சீர்வரிசை விஷயத்தில் எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். அவர் வந்து பார்த்து முகம் சுளித்தார்.

"இம்புட்டுச் செலவழிச்சுக் கடைசியில ஒத்தப் பொட்டியா? ஒரு தட்டுச் சீரு கொண்டு போயி நாம தல நிமிந்து நடக்கவா? மாட்டாத. பிரிச்சே கொண்டு போவோம். ஆளுக்கொரு தட்டு."

கேட்டவுடன் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எவ்வளவு நல்ல யோசனை! எடுத்து வைத்துப் பார்த்தால் தட்டுகள் இரட்டைப்படையில் வந்தன. சீர் ஒற்றைப்படையில்தான் போக வேண்டும். இரண்டு ராமையும் தனித்தனித் தட்டில் வைக்கலாம் என்றேன். "ஜோடியா வந்ததப் பிரிக்கக் கூடாது" என்று அம்மா மறுத்துவிட்டாள். சாஸ்திரத்துக்காக, கலர் லைட் எரிகிற ஒரு ஃபேன் கூடுதலாக வாங்கினேன். உலகத்தில் சகுனம் பார்த்து கேபினெட் ஃபேன் வாங்கியவன் நானாகத்தான் இருப்பேன்.

பெரியப்பா அதோடு விடவில்லை. "அட்டப்பொட்டியப் பாத்து யாரு மெச்சுவாக? பொருளு கண்ணுல தெரியணும்" என்று எல்லாவற்றையும் பிரிக்கச் சொன்னார். இந்தச் சாமான்களை உறையோடு வைத்திருக்க வேண்டும் என்று நான் பார்த்த அத்தனை வீடியோவிலும் சொல்லியிருந்தார்கள். ஆனால் எவர்சில்வர் தட்டில் மதர்போர்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்தபோது, வீடியோக்காரனுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது. அம்மா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். பிராசசர் தீப்பெட்டியைவிடச் சின்னது. சனம் சிரிக்குமே என்று சுற்றி ஆப்பிள்களை அடுக்கினோம். எஸ்.எம்.பி.எஸ். நல்ல கனம். கனத்தை வைத்து அதுதான் சாமான்களில் மூத்தது என்று முடிவு செய்த பெரியப்பா, தண்ணீர் தெளித்து வைத்திருந்த மல்லிகை மாலை ஒன்றை முழுசாக அதற்குச் சாத்தினார்.

விழா போடியில் ஒரு மண்டபத்தில். கேரளா பக்கம் என்பதால் செண்டை மேளம் வைத்திருந்தோம். எங்கள் வீட்டுப் பெண்கள் பட்டுச்சேலையில் வரிசையாகத் தட்டு ஏந்தி நடக்க, நான் மாலையும் கழுத்துமாக முன்னால் போனேன். மண்டப வாசலில் பன்னீர்ச் செம்போடு இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள். தாராள மனசுக்காரிகள். ஆளுக்கு ஒரு தெளிப்பு, தட்டுக்கு இரண்டு தெளிப்பு. மதர்போர்டின் மேல் பன்னீர் விழுந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். துடைக்கக் கை போனது. ஆனால் எதிரே வீடியோ கேமரா. சிரித்துக்கொண்டே நடந்தேன்.

மேடையில் பெரியப்பா மைக்கைப் பிடித்து ஒவ்வொரு தட்டாக அறிவித்தார். "தாய்மாமன் கொண்டாந்த தாய்ப்பலகை!" என்றதும் கைதட்டல். எஸ்.எம்.பி.எஸ். தட்டு வந்தபோது நாக்கு குழறி, "அடுத்து, எம்.பி.பி.எஸ்.!" என்றார். "புள்ளைக்கு சீட்டு வாங்கிட்டாகளா!" என்று கூட்டத்தில் யாரோ வாயைப் பிளந்தார்கள்.

அக்காவின் நாத்தனார் பாண்டியம்மாள், எனக்கு மதினி முறை. இடுப்பில் கை வைத்துத் தட்டுகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"கொழுந்தனாரே, எங்க ஊரு பொட்டிப்புரம்னு பொட்டியாக் கொண்டாந்துட்டீகளாக்கும். எல்லாம் சரி, தங்கம் எந்தத் தட்டுல இருக்கு?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். நான் ராமை எடுத்து, அதன் அடியில் மின்னிய பல்வரிசையைக் காட்டினேன். "எல்லாத் தட்டுலயும் இருக்கு மதினி. பாருங்க, பூராம் தங்க முலாம். தங்கம் இல்லன்னா இது ஓடாது." மதினி குனிந்து உற்றுப் பார்த்தார், இடுப்பிலிருந்த கை இறங்கியது. அக்கா தலை நிமிர்ந்தது. அந்த இடத்திலேயே நான் சாப்பிடப் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அப்ப இதெல்லாம் சேத்தா என்ன வரும்?" என்றார் மதினி, விடாமல்.

"மாமா இப்பவே மாட்டி ஓட்டிக் காட்டுவாக, அத்தை" என்றாள் யாழினி.

மறுநாள் அக்கா வீட்டில் நிதானமாக மாட்டலாம் என்றிருந்தேன். ஆனால் கூட்டமே என்னைப் பார்த்தது. "இதென்ன பெரிய வேல. சடங்கு முடிஞ்சதும் மாட்டிருவோம்" என்றேன்.

வழக்கப்படி பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். யாழினி அப்போதே என் தோள் உயரம். என் கால் மரத்துப்போன நேரத்தில் காதோரம் கிசுகிசுத்தாள். "மாமா, போர்டுல தண்ணி பட்டுச்சே?"

"தண்ணி இல்ல, பன்னீரு. ஒண்ணும் ஆகாது" என்றேன், முழு நம்பிக்கையோடு.

இருந்தாலும் மேக்கப் போட வந்த பெண்ணிடம் தலைமுடி காய வைக்கிற டிரையரை வாங்கி மதர்போர்டைக் காய வைத்தேன். சாக்கெட் ஓரத்துக் குங்குமத்தைக் காது குடையும் பஞ்சுக்குச்சியால் எடுத்தேன். கிராபிக்ஸ் கார்டுக்கும் காற்றடித்தேன். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மாலையைக் கழற்றி மேலே வேட்டி நுனியால் துடைத்தேன், அவ்வளவுதான். தண்ணீரும் மல்லிகை மொட்டுகளும் அதன் ஃபேன் கம்பி வழியாக உள்ளே இறங்கியிருக்கும் என்று மூளைக்கு எட்டவில்லை. மூத்த சாமான், தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

மேடையில் சம்மணம் போட்டு மாட்ட ஆரம்பித்தேன். பந்திக்குப் போனவர்கள்கூடப் பாதியில் கை கழுவிவிட்டு வந்தார்கள். யாழினி திருப்புளி எடுத்துக் கொடுத்தாள். "மாமா, ஃபேனத் திருப்பி மாட்டுறீக" என்று மெதுவாக இரண்டு இடத்தில் என் மானத்தையும் காப்பாற்றினாள். ஒருவழியாக முடித்து, மைக் செட்டு சொருகியிருந்த பலகையிலேயே வயரைச் சொருகி, பட்டனை அழுத்தினேன்.

எரிந்தது! பச்சை, நீலம், சிவப்பு என்று ஃபேன்கள் சுழன்றன. மண்டபமே "ஓ!" என்றது. மதினியின் வாய் திறந்தபடி நின்றது. நான் மாலையைச் சரிசெய்துகொண்டு கேமராவைப் பார்த்தேன்.

'டப்' என்று ஒரு சத்தம்.

கம்ப்யூட்டர் அணைந்தது. மைக் செத்தது. சீரியல் செட்டு, ஏசி, சமையல்கட்டு கிரைண்டர் எல்லாம் ஒன்றாக நின்றன. ஜன்னல் திரைகளை ஏசிக்காக இழுத்து மூடியிருந்ததால் கும்மிருட்டு. மேடையிலிருந்து கருகிய மல்லிகையும் சந்தனமும் கலந்து ஒரு மணம் பரவியது. "வாசம் தூக்கலா இருக்கே, என்ன பத்தி இது?" என்று இருட்டுக்குள் ஒரு குரல் கேட்டது.

போன் லைட்டுகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் அக்காவைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள், கண் நிறைந்திருந்தது. அதுவரைக்கும் என் கெத்துப் போனதுதான் எனக்குக் கவலை. அப்போதுதான் உண்மையிலேயே உடம்பெல்லாம் கூசியது. அவள் பொட்டிப்புரத்தில் இன்னும் எத்தனை வருசம் இந்த முகங்களுக்கு நடுவில் இருக்க வேண்டும்!

மதினி தொண்டையைச் செருமினார். "சங்கிலியா இருந்தா இந்நேரம் புள்ள கழுத்துல கெடக்கும்."

யாழினி எழுந்து நின்றாள். மைக் வேலை செய்யவில்லை, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை.

"அத்தை, எத்தன மாமன் எத்தன சங்கிலி போட்டிருக்காக. ஒரு சங்கிலியாச்சும் மண்டபத்த நிப்பாட்டியிருக்கா? எங்க மாமா கொண்டாந்த சீரத் தாங்க இந்த மண்டபத்துக்கே தெம்பில்ல!"

முதலில் பந்திப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அது அப்படியே பரவி, இருட்டுக்குள் மண்டபம் முழுக்கச் சிரித்தது. செண்டைக்காரர்களுக்குக் கரண்டு தேவையில்லையே, ஒரு உருட்டு உருட்டிவிட்டார்கள். அத்தனை சத்தத்திலும் அக்கா சிரிப்பது தனியாகக் கேட்டது. அழுகையும் சேர்ந்த சிரிப்பு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். மதினி கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

எஸ்.எம்.பி.எஸ். போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மற்றதெல்லாம் பிழைத்தது. போன இரண்டையும் திரும்ப வாங்கி, பொட்டிப்புரத்தில் ஒரு பூகூட வைக்காமல் மாட்டிக் கொடுத்தேன். யாழினி இன்னமும் அதில்தான் விளையாடுகிறாள், என்னைத் தோற்கடிக்கிறாள். மண்டபத்து ஃபியூஸைப் போக்கியதால் அவள் போனில் என் பெயர் 'பீஸ் மாமா'. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட என் மாமனார், "மண்டபத்துக்குப் பீஸப் புடுங்குனது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபி கொடுத்தார்.

போன ஆவணியில் பாண்டியம்மாள் மதினியின் பேத்திக்குக் காதணி விழா. அந்தக் குழந்தையின் தாய்மாமன் கை தாராளமான ஆள். தங்கம், ஃப்ரிட்ஜ், வாசலில் ரிப்பன் கட்டிய கார் வரைக்கும் இறக்கிவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றான். மதினி இடுப்பில் கை வைத்து எல்லாத் தட்டையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேலே எரிகிற லைட்டுகளை அண்ணாந்து பார்த்தார். என் அக்காவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு அந்த மாமனிடம் சொன்னார்:

"எல்லாம் கொண்டாந்திருக்கீக, நல்லாத்தான் இருக்கு. ஆனா கரண்டு போகலையே."