சகுனி எண்ணெய் தேய்க்கிறார்

"நொண்டணும்," என்றார் இயக்குநர் தனேஷ்.

"எதுக்கு?" பழனியப்பனுக்குக் காது சிவந்தது. "நேத்து நல்லாத்தான நடந்தேன்?"

"நேத்து நீங்க வெறும் மாமா. இன்னிக்கு நீங்க சகுனி."

பழனியப்பன் ஈப்போவில் டயர் கடை ஊழியர். ஐம்பத்து மூன்று வயதில் முதல் தொலைக்காட்சி வேடம். பாசமுள்ள மாமா வேடம் என்றுதான் அழைத்திருந்தார்கள். மகள் தினேஸ்வரியை அடுத்த மாதம் பெண் பார்க்க வரும் சிலிம் ரிவர் ஊர்க் குடும்பம் இந்த நாடகத்தைப் பார்க்கும். பெண்ணின் அப்பா எப்பேர்ப்பட்ட மனிதர் என்று திரையே சொல்லிவிடும். அதற்காகவே கடையில் ஐந்து நாள் விடுப்புக்குச் சண்டை போட்டிருந்தார்.

தனேஷ் கோலாலம்பூரில் இரண்டு நாள் பட்டறைக்குப் போய் வந்தவர். அன்று முதல் அவர் கண்ணுக்கு மனிதர்கள் தெரிவதில்லை, தொன்மங்கள்தான். இரண்டாம் காட்சியில் குடை இரவல் கொடுத்த கதாநாயகன் ஷர்வின் கர்ணனானான். வேன் ஓட்டும் லூயிஸ், தேரோட்டி என்பதால், கண்ணன்.

"நான் ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாடுறவன் லா," என்றார் லூயிஸ்.

"பாட்டும் கண்ணனோட அம்சம்தான்."

செமோருக்கு அப்பால், பழைய தோட்டத்துத் துரை பங்களாவில் படப்பிடிப்பு. கதை எழுதிய ஷர்மினி மலாய்ப் பள்ளியில் படித்தவள். தமிழ் சரளமாகப் பேசுவாள், எழுத வராது. வசனத்தை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பியிருந்தாள். தனேஷ்தான் அதைத் தமிழில் எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்.

பழனியப்பன் தாளை நீட்டினார். "'மாமா தலைக்கு எண்ணெய் தேச்சு விடுறாங்க'ன்னு இருக்கு. சகுனி எண்ணெய் தேப்பானா?"

"மூள எங்க இருக்கு? தலைக்குள்ள. அங்கதான் அவன் கை வைக்கிறான்."

"நொண்டாம தேய்க்கிறேனே."

"சரி. அப்ப கையில தாயக்கட்டய வெச்சுக்குங்க."

எண்ணெயில் வழுக்கிய தாயக்கட்டை கர்ணனின் சுருட்டை முடிக்குள் போய்ச் சிக்கியது. எடுக்க அரை மணி நேரம். பாவம், பையன் என்று பழனியப்பன் பரிவாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வஞ்சகம் போதவில்லை என்று மீசையை மை போட்டு முறுக்கிவிட்டார்கள்.

மறுநாள், புதுப்பெண் வைத்த ரசத்தில் உப்பில்லை என்று மாமா மூக்கைச் சிந்தி அழும் காட்சி.

"ஆம்பள ரசத்துக்கா அழுவான்?"

"ரசம்னா ராஜ்யம்ணே. உள்ள போய்ப் பாருங்க."

"உள்ள போய்ப் பாத்தேன். ரசம்தான் இருக்கு."

"அப்ப நொண்டிக்கிட்டே அழுங்க. ஆழம் வரும்."

பழனியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டினார், அழுதார். தினேஸ்வரிக்காக.

நான்காம் நாள் மதியம் வந்த தாளில் ஒரே வரி. கர்ணனைக் கட்டிப்பிடித்துக் கதற வேண்டும்: 'பத்து மாசம் சுமந்தேனடா உன்னை.'

தாயக்கட்டை ஜன்னல் வழியே செம்பனைக் காட்டுக்குள் பறந்தது.

"யாரு சுமந்தா? நான் டயர்தான் சுமந்தேன். எனக்கு என்ன பைத்தியமா, இல்ல ஒனக்கா?"

தனேஷ் அசரவில்லை. "பத்து மாசமா பழிவாங்கற எண்ணத்தச் சுமந்தான்ணே. படிமம்."

"படிமமா? சிலிம் ரிவர்க்காரங்க இதப் பாத்தா எம்மவள கட்டுவாங்களா? அப்பன் புள்ளத்தாச்சியா இருந்தவன்னு ஊரே சிரிக்கும். எழுதுனவங்கள இப்பவே வரச் சொல்லு. இல்லாட்டி இந்த மீசையோட பஸ் ஏறிருவேன்."

கர்ணன் மெல்ல நகர்ந்து சுவரோரம் நின்றான். கண்ணன் வேனை எடுத்துக்கொண்டு செமோருக்குப் பறந்து ஷர்மினியைக் கூட்டி வந்தார்.

"வாம்மா," என்றார் தனேஷ். "ஒன் எழுத்துல ஒனக்கே தெரியாத சகுனிய நான் வெளிய கொண்டாந்திருக்கேன்."

ஷர்மினி பழனியப்பனைப் பார்த்தாள். முறுக்கிய மீசை, கன்னம் வரை வழிந்த மை, கோபத்திலும் நொண்ட மறக்காத கால்.

"அங்கிள், நீங்க யாரா நடிக்கிறீங்க?"

"மாமா," என்று உறுமினார் பழனியப்பன்.

அவள் தனேஷ் கையில் இருந்த தன் பழைய தாளை வாங்கி, 'mama' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளின் மேல் விரலை வைத்தாள்.

"எங்க வீட்ல அம்மாவத்தான், அங்கிள், மாமான்னு கூப்புடுவோம்."