நதிக் கதவும் பண்பாட்டுக் குழுவும்

ஒரு நிறுவனத்தின் நாகரிகத்தை அதன் கழிப்பறைக் கதவைப் பார்த்தே அளந்துவிடலாம். எங்கள் நாகரிகத்தை அளக்க வருகிறவர் கொஞ்சம் நீளமான அளவுகோலாகக் கொண்டுவருவது நல்லது. அப்படிப்பட்ட கதவு ஒன்றின் தாழ்ப்பாளைப் பிடுங்கியவன் என்ற முறையில், இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு.

எங்கள் அலுவலகத்தில் பல நாட்டுக்காரர்கள் வேலை பார்க்கிறார்கள். கால்சட்டை போட்ட பொம்மை ஆண், பாவாடை கட்டிய பொம்மை பெண் என்று மாட்டிவைப்பது பழைய பஞ்சாங்கம், பாவாடை கட்டுகிற ஆண்களும் உலகத்தில் உண்டு, அவர்கள் மனம் என்ன பாடுபடும் என்று மக்கள் தொடர்புப் பிரிவின் சார்பில் நான்தான் முழங்கினேன். முழங்கியவன் தலையிலேயே வேலையும் விழுந்தது. ஆண்களுக்கு மலை, பெண்களுக்கு நதி என இரண்டு ஓவியங்களை மாட்டினேன். மேலாளர் கைதட்டினார்.

மறுநாளே எனக்கு அவசரம் வந்தது. அந்த நிலையில் இருப்பவனை மலையா அழைக்கும்? நதிதான் அழைத்தது.

உள்ளே போய்த் தாழ் போட்டு, வந்த காரியம் முடிந்த பிறகு, நடையில் பெண்கள் பேசிக்கொண்டு வருவது கேட்டது. தாழ்ப்பாளை இழுத்தேன். அசையவில்லை. மானத்தை நினைத்து இன்னொரு தரம் இழுத்தேன். திருகாணிகளோடு கையிலேயே வந்துவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓவியத்தை மேற்பார்வையிட வந்தவனைப் போல வெளியே நடந்தேன்.

அதற்குப் பிறகு பெண் ஊழியர்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பாதிப் பேர் தண்ணீர் குடிப்பதையே விட்டார்கள். தொலைபேசி ஆபரேட்டர் பிள்ளைத்தாய்ச்சி. அவரால் அப்படி இருக்க முடியுமா? இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்க் கட்டட வங்கிக்குப் போய் வந்தார். இங்கே தொலைபேசி அலறிக்கொண்டு கிடந்தது. "அடிக்கடி சீட்ல இல்லை" என்பதற்காக அவரை வேலையைவிட்டு அனுப்ப மேலாளர் முடிவெடுத்தார்.

எனக்கு இளகின மனசு. குறுக்கே விழுந்து தடுத்தேன். இது ஒழுங்கீனம் அல்ல, "பண்பாட்டுச் சிக்கல்" என்றேன். அந்தப் பெண் கடல் கடந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். அவர் பிறந்த வீட்டில் என்ன வழக்கமோ, யார் கண்டது? மேலாளர் அசந்துபோனார். உடனே "கழிப்பறைப் பண்பாட்டுக் குழு" உதயமாயிற்று. நான் தலைவர். நடுநிலை கெட்டுவிடக் கூடாது என்பதற்காக உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆண்கள்.

குழு உழைத்த உழைப்பைச் சொல்லி மாளாது. குந்துவதா உட்காருவதா என்று ஒரு கூட்டம் முழுக்க வாதாடினோம். தண்ணீரா காகிதமா என்ற அமர்வில், காகிதத்தோடு காரியத்தை முடித்துக்கொள்ளும் தேசங்கள் இருப்பதாகக் கிடங்கு அதிகாரி அடித்துச் சொன்னார். "அப்ப நாம அவங்களுக்குக் கை குடுத்ததெல்லாம்?" என்று மேலாளர் முனகினார். அன்றைக்கு யாரும் பிஸ்கட்டைத் தொடவில்லை.

தீர்மானங்கள் பலகைகளாயின. பீடத்தின் மேல் ஏறி நிற்கும் பாதங்களுக்குக் குறுக்கே சிவப்புக் கோடு. முதுகை நிமிர்த்தி உட்காரும் முறைக்கு ஒரு படம். "காகிதமும் தண்ணீரும் உடன்பிறப்புகள்" என்று ஒரு வாசகம். கதவின் உட்புறத்தில் ஏனோ சில துளைகள் அவலட்சணமாகத் தெரிந்தன. அவற்றை மறைத்து, "உங்கள் தனிமையை மதிக்கிறோம்" என்ற பலகையை அறையச் சொன்னேன். கூட்டக் குறிப்புகள் மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க, என் சட்டைப் பையில் கிடந்த தாழ்ப்பாள் உதவியது. பித்தளை. நல்ல கனம்.

ஆனாலும் ஆபரேட்டர் சாலையைக் கடப்பதை நிறுத்தவில்லை. இடையில் அவர் பராமரிப்புப் பிரிவில் ஏதோ முறையிட்டதாகவும், கழிப்பறைச் சமாசாரம் எதுவானாலும் குழு முடிவுக்குப் பிறகுதான் என்று அவர்கள் முறைப்படி கைவிரித்ததாகவும் கேள்வி. கடைசியில் அவரையே குழுவின் முன் அழைத்தோம். குழு கூடும் என் அறைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மூச்சு வாங்க நின்றார். உட்காரச் சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. உட்காருவது எப்படி என்பதில்தான் எங்கள் கவனம் இருந்தது.

"உங்க ஊர்ல எப்படிம்மா? குந்துவாங்களா, உக்காருவாங்களா?" என்றார் கிடங்கு அதிகாரி.

"எல்லாம் உண்டு சார்."

"கூச்சப்படாதீங்க. எங்களை அண்ணன் தம்பி மாதிரி நினைச்சுக்குங்க. தண்ணியா, பேப்பரா?" என்றேன் நான், குரலில் தேனைத் தடவி.

அவர் எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்தார்.

மேலாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னிக்கும் காரணம் சொல்லலைன்னா, நாளைக்கு அந்த சீட்ல வேற ஆளு."

எனக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம கழிப்பறைல உங்க பண்பாட்டுக்கு எதும்மா இடிக்குது? பட்டுனு சொல்லிடுங்க. உங்க வேலை தப்பிச்சுடும்" என்று கெஞ்சினேன்.

அவர் பார்வை என் மேசையில் வந்து நின்றது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். குறிப்புகளின் மேலிருந்த பித்தளையை எடுத்தார். குழுவின் உழைப்பெல்லாம் காற்றில் எழும்பி மேலாளர் தலைமேல் இறங்கியது.

"எங்க ஊர்ல உள்ள போனா தாழ்ப்பாள் போடுவோம் சார். அதை நீங்க இங்க வச்சிருக்கீங்க."