நெஞ்செரிவுக் குளிசையும் என் மோட்டார் சைக்கிளும்

துறைமுக வீதியால் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தேன்.

"இஞ்சாருங்கோ, மற்றச் செருப்பு எங்க?" என்றாள் என் மனைவி பாக்கியரத்தினம்.

குனிந்து பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. கால் அவ்வளவு விறைப்பு; தொட்டாலும் தெரியாது.

அவளே டொக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் இரத்தம் சோதித்தார். "நெஞ்செரிவுக்கு எவ்வளவு காலமாக் குளிசை போடுறீங்கள்?"

"ஆறு வருசம். பாமசியில நானே வாங்கிப் போடுறனான்."

"கேளாமல் இப்பிடி வருசக்கணக்காப் போட்டால் சிலருக்கு பி-12 குறைஞ்சு நரம்பைத் தாக்கும். கால் விறைக்கும். மறதியும் வரலாம்."

ஊசி எழுதித் தந்தார். குளிசையையும் மாற்றினார்.

எனக்கு மறதி இல்லை. ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் பாக்கியம் அழுதுவிட்டாள். "ஐயோ, அதுதான் நான் சொல்லுற ஒண்டும் உங்கட மண்டையில நிக்கேல்லையோ!"

டொக்டரே சாட்டு எடுத்துத் தந்தால் விடுவேனோ? தேங்காய் வாங்க மறந்தேன். தண்ணீர்த் தாங்கி கழுவ மறந்தேன். வெருகலில் அவளுடைய தமக்கையின் புதுவீட்டுக் குடிபூரலையும் மறந்தேன். அவள் கோபிக்கவில்லை. தினமும் வல்லாரைச் சம்பல் அரைத்துத் தந்தாள். கோயிலில் என் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. அதற்குக் குளிசை இல்லை.

ஒருநாள் பின்னேரம் நண்பன் றுவைஸ் வந்தான். தொண்ணூற்றாறாம் ஆண்டு உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஓவர் ஓவராக அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்த பாக்கியம் கதவடியில் நின்று முழுவதையும் கேட்டாள். பிறகு ஆறிய தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை முற்றத்தில் என் மோட்டார் சைக்கிளைக் காணவில்லை. கைக்குழந்தை போல் துடைத்து வைத்த வண்டி.

"பைக் எங்கையப்பா?"

"என்ர தம்பி சிந்துஜனுக்குக் குடுத்திட்டன். நீங்கள்தானே குடுக்கச் சொன்னனீங்கள்."

"நானோ? எப்ப?"

"வியாழக்கிழமை. ஞாபகமில்லையோ?"

சொல்லவில்லை என்று அடித்துச் சொன்னால், வியாழக்கிழமை முழுக்க ஞாபகம் இருக்கிறது என்றாகிவிடும். பிறகு தேங்காய், தாங்கி, குடிபூரல் எல்லாம் வரிசையாய் வரும். என் பெயர் ஞானசேகரம். ஞானம் அந்த முற்றத்தில்தான் வந்தது.

"ஓம்... சொன்னனான் போலதான் கிடக்கு."

அவள் பெருமூச்சு விட்டாள். "பாவம். மீசையை வழிக்கப் போறன் எண்டு சொன்னதையும் மறந்திருப்பீங்கள்."

ஞாயிற்றுக்கிழமை சலூனுக்குப் போனேன். நடந்துதான்.