நூற்றைம்பத்தோராவது சொம்பு

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்ல மாட்டேன். ஷேர் ஆட்டோவில் என் இடம் வந்துவிட்டால்கூட, "நிறுத்துப்பா" என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும் இடம்வரை போய்த் திரும்பி நடந்து வருவேன். ஆனால் எழுத்து என்றால் வேறு கதை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன்தான். ஆனாலும் மயிலாப்பூரில் என் எழுத்து இல்லாத சமையலறை குறைவு. மாட வீதிப் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் எவர்சில்வர் பாத்திரங்களுக்குப் பெயர் வெட்டுவது என் வேலை. (உங்கள் வீட்டு டபராவைத் திருப்பிப் பாருங்கள். 'ர' கொஞ்சம் சாய்ந்திருந்தால் அது நான்.)

கடை முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தங்கமான மனிதர். நான் சைதாப்பேட்டையில் வாடகைக்குப் போனபோது அட்வான்ஸ் பணம் கொடுத்தவர் அவர்தான். கடைச் சாவி என்னிடம்தான் இருக்கும். அப்படிப்பட்டவரோடு எனக்குச் சம்பளத் தகராறு வந்தது. தகராறு என்று நான்தான் சொல்கிறேன். எட்டு மாதமாக அது நடக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

விஷயம் இதுதான். மாதச் சம்பளம் போக, எழுத்துக்கு ஒரு ரூபாய் எனக்குக் கூலி. புள்ளி வைத்த எழுத்துக்கும் உண்டு. தி. நகர் பெரிய கடைகளைப் பார்த்துப் பயந்துபோன அண்ணாச்சி, ஒருநாள் வாசலில் பலகை மாட்டினார்: 'பெயர் வெட்டுவது இலவசம்.' அவருக்கு இலவசம், வாடிக்கையாளருக்கு இலவசம். நடுவில் என் கூலி போனதை யாரும் கவனிக்கவில்லை. காசு கொடுத்தபோது 'சு.ரா' என்று இரண்டெழுத்தில் முடித்துக்கொண்டவர்கள், இலவசம் என்றதும் பரம்பரையையே வெட்டச் சொன்னார்கள். ஒரு கரண்டிக் காம்பில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்தையே குடிவைத்திருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வாடகையில் ஆயிரத்தைந்நூறு ஏற்றினார். கொடுக்க முடியாவிட்டால் ஊருக்கு வெளியே, மூன்று பஸ் மாறிப் போகும் இடத்துக்குக் குடிபோக வேண்டும். என் மனைவி செல்வி தினமும் வாசலிலேயே மறிப்பாள்.

"இன்னாய்யா, கேட்டியா?"

"அண்ணாச்சி இன்னிக்குக் கொஞ்சம் டல்லா இருந்தாரு."

"நேத்து இன்னா சொன்ன? நல்லா சிரிச்சிக்கினு இருந்தாரு, அத்தக் கெடுக்க வேணாமுன்னு சொன்ன. அவரு சிரிக்காமயும் டல்லா இல்லாமயும் எப்பய்யா இருப்பாரு?"

அவளே எனக்கு ஒத்திகை வைத்தாள். அவள்தான் அண்ணாச்சி. வயிற்றில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதற்கே எனக்கு வியர்த்துவிட்டது. "கூட்டிக் குடுக்கலேன்னா சாவியைக் குடுத்துட்டு நின்னுக்கிறேன்னு சொல்லு. அப்பத்தான் பயம் இருக்கும்" என்றாள். நான் தலையணையிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில் அபிராமபுரத்திலிருந்து ஓர் அறுபதாம் கல்யாண ஆர்டர் வந்தது. தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்க நூற்றைம்பது சொம்பு. ஒவ்வொன்றிலும் 'ராஜலட்சுமி வெங்கட்ராமன் அறுபதாம் கல்யாணம் அன்பளிப்பு.' இருபத்தொன்பது எழுத்து. பழைய கணக்குக்கு நாலாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய். இப்போது இலவசம். நான்கு நாள் வெட்டியதில், மெஷினை நிறுத்திய பிறகும் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் ரசம் தானாகக் கலங்கும்.

தவறிப்போனால் மாற்ற ஒரு சொம்பு அதிகம் எடுத்துவைப்பது வழக்கம். தவறவில்லை. நூற்றைம்பத்தோராவது சொம்பு சும்மா இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வாய்தானே வராது? கை வருமே!

விசேஷத்தன்று காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்து வெட்டினேன். எழுதி முடிக்க இடம் போதாமல், சொம்பைச் சுற்றி மூன்று வரிசை ஓடியது. அண்ணாச்சியின் மேசை நடுவில் வைத்துவிட்டு, அவர் படிக்கும்போது நான் எதிரில் இருக்கக்கூடாது என்று டீ குடிக்கப் போனேன். மூன்று டீ குடித்தேன்.

திரும்பி வந்தால் அண்ணாச்சி சிரித்த முகமாக இருந்தார். மேசையில் சொம்பு இல்லை. பெட்டிகளும் இல்லை.

"என்னலே தேடுத? பெட்டியெல்லாம் ஆட்டோல போயாச்சு. ஒரு சொம்பு மேசையில கெடந்துச்சு. நல்லவேளை, நான் பாத்து உள்ள போட்டேன். ஒண்ணு கொறைஞ்சா நம்ம கடை பேரு என்னத்துக்கு ஆவும்?"

அவருடைய மூக்குக்கண்ணாடி, வழக்கம்போல, தலைக்கு மேலே இருந்தது.

"ஒரு பத்து நிமிஷம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். தெரு திரும்பும்வரை நடந்தேன். அதற்குப் பிறகு ஓடினேன்.

மண்டபத்தில் தாம்பூலப் பைகளைக் கட்டி, நீள மேசையில் அடுக்கி வைத்துவிட்டிருந்தார்கள். நாதஸ்வரச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஒரு பையை அவிழ்ப்பேன், சொம்பை எடுத்துப் பார்ப்பேன், திரும்பப் போடுவேன். இருபத்துமூன்றாவது பையில் கைவிட்டபோது ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்தது.

"யாருப்பா நீ? இங்க என்ன பண்ணிண்டிருக்கே?"

வேட்டி கட்டிய ஒரு பெரியவர். நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. சொம்பைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், விரலால் எழுதிக் காட்டினேன். கூட்டம் சேர்ந்தது. மாலையும் கூறைப்புடவையுமாக ராஜலட்சுமி மாமியே வந்துவிட்டார்.

"விடுங்கோ அவரை. பாவம், வாய் பேச வராது போலருக்கு. பசியா இருக்கும். மொதல்ல சாப்பாடு போடுங்கோ."

நான் மறுக்கவில்லை. மறுப்பதற்குப் பேச வேண்டுமே! என்னை ஓர் இலை முன்னால் உட்காரவைத்தார்கள். எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். பரிமாறுகிறவர் என் காதருகே குனிந்து, ஊருக்கே கேட்கும்படி, "பாயசம் வேணுமா?" என்று கத்தினார். தலையாட்டினேன். (பாயசம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.)

இரண்டாவது கரண்டி பாயசம் விழுந்தபோது, சொம்பும் கையுமாக யாரோ உள்ளே வந்தார்கள். "மாமா, இந்தச் சொம்புல என்னமோ வேற எழுதியிருக்கே!"

முதல் வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்த வெங்கட்ராமன் மாமா அதை வாங்கினார். ஓய்வு பெற்ற வாத்தியாராம். வகுப்பில் படிப்பதைப் போலவே படித்தார். எழுத்து சுற்றி ஓடியதால் சொம்பையும் மெல்லத் திருப்பிக்கொண்டே படித்தார்.

"அண்ணாச்சிக்கு வணக்கம். எழுத்துக்கூலி நின்று எட்டு மாதம் ஆகிறது. கை வலிக்கிறது. சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டித் தரவும். இல்லாவிட்டால்..." ஒரு திருப்பு. "சாவியைக் கொடுத்துவிட்டு நின்றுகொள்கிறேன். இப்படிக்கு ஏழுமலை."

"யாரு அந்த அண்ணாச்சி?" என்றார் ஒருவர்.

எதிர்ப் பந்தியில் ஓர் இலையை நோக்கி எல்லாத் தலையும் திரும்பியது. வாடிக்கையாளர் வீட்டு விசேஷம் என்று அண்ணாச்சியும் வந்திருந்தார். கையில் பாதி போளி. அவர் கண்ணாடியைத் தலையிலிருந்து மூக்குக்கு இறக்கினார். சொம்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏலே ஏழுமலை! நீ இங்ஙன என்னலே பண்ணுத?"

மாமி குழம்பிப்போனார். "இவருக்குப் பேச வராதே!"

"பேச வராதுதாம்மா. இப்படி எழுத வரும்னு எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

பந்தி முழுவதும் சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. "எட்டு மாசம் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே" என்றார். "இலவசம்னு போட்டதாலதான் கடை ஓடுது, அம்மா. இல்லேன்னா ஒரு ஆள் படி ஏறமாட்டான்."

"இலவசம்னு போர்டு மாட்டினது நீங்க," என்றார் மாமி. "கை வலிக்கறது அவருக்குன்னா?"

அண்ணாச்சி போளியை இலையில் வைத்தார். அப்புறம் என்னைப் பார்த்து, சின்னக் குரலில் கேட்டார்: "சாவியக் குடுக்கப் போறியாலே?"

இருபது வருடத்தில் அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வேலை போனாலும் பரவாயில்லை, இந்த முகம் வேண்டாம் என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. இலை முன்னால் எழுந்து நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"இல்ல அண்ணாச்சி! அந்த வரி மட்டும் செல்வி போடச் சொன்னது!"

இந்தத் தடவை அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார்.

மறுநாள் காலை அதே சொம்பு என் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. மாமா திருப்பிக் கொடுத்திருந்தார். அண்ணாச்சி அதன் அடிப்பாகத்தைக் காட்டினார்.

"இங்ஙன எடம் இருக்குல்லா? நான் சொல்லச் சொல்ல வெட்டு."

வெட்டினேன். 'ஆயிரத்தைந்நூறு கூட்டியாச்சு. பத்து எழுத்துக்கு மேல் கூலி உண்டு.'

ஐந்நூறு குறைவுதான். ஆனால் வாடகைக்குச் சரியாக இருந்தது. வெட்டி முடித்ததும் மனம் பழக்கத்தில் எண்ணியது: முப்பது எழுத்து. பத்து போக இருபது. அண்ணாச்சி கல்லாவிலிருந்து ஒரு இருபது ரூபாய்த் தாளை எடுத்து மெஷின்மேல் வைத்தார்.

"இதையும் நீ வாயால கேக்கமாட்ட. பிடி."

வாசல் பலகையிலும் அன்றைக்கே 'பத்து எழுத்து வரை' என்று சேர்த்துவிட்டார். மறுவாரமே எல்லோர் பரம்பரையும் சுருங்கிவிட்டது.

நாங்கள் இன்னும் சைதாப்பேட்டையில்தான் இருக்கிறோம். அந்தச் சொம்பில்தான் அண்ணாச்சி தினமும் மோர் குடிக்கிறார். வீட்டில் என் மகள் ஏதாவது வேண்டும் என்று இழுத்தால், "சொம்புல எழுதிக் குடு, பாக்கலாம்" என்பாள் செல்வி. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனால், யாராவது ஒருவர் என் காதருகே குனிந்து, "பாயசம் வேணுமா?" என்று கத்தாமல் இருப்பதில்லை.

போன வாரம் வீட்டுக்காரர் மறுபடியும் வாடகையை ஏற்றினார். செல்வி ஒன்றும் சொல்லவில்லை. 'கேட்டியா' என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மதியம் கடையில் சாப்பாட்டுப் பையைத் திறந்தேன். புளிசாத டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு புதுச் சொம்பு இருந்தது. எழுத்து எதுவும் இல்லாமல், பளபளவென்று.