மல்லாட்டோனின் சாமி

2012-இல் திண்டிவனம் போன பேருந்துகளெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் ஓடின. உள்ளே இருந்தவர்கள் அத்தனை பேரும் இதய நோயாளிகள். கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மட்டும் வெறும் வாயுத் தொல்லை. எல்லாரும் இறங்கிய இடம் ஒன்றே: கும்மிருட்டானந்தாவின் இருட்டு மடம்.

அது பழைய மல்லாட்டைக் கிடங்கு; வேர்க்கடலைக்கு அந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். ஜன்னல்களை அடைத்துத் தார் பூசியிருந்தார் சாமி. முன்பு கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டியவர். இருட்டில் உடம்பு மெலட்டோனின் என்று ஒன்றைச் சுரக்கிறது, அது குறைவதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று ஆராய்கிறார்கள் என்பதை பஜ்ஜி மடித்த பேப்பரில் படித்தார். பாதிச் செய்தியை எண்ணெய் குடித்திருந்தது. அந்தப் பாதியைச் சாமியே கண்டுபிடித்தார்.

"மெலட்டோனின்னா இன்னா? நம்ம மல்லாட்டைதான். வெள்ளைக்காரன் வாயில பேரு கொழகொழன்னு ஆயிப்போச்சி. மல்லாட்டை எங்க காய்க்குது? மண்ணுக்குள்ள, இருட்டுல."

கூட்டம் வாயைப் பிளந்தது. ஆயுள் முழுக்க மல்லாட்டை பயிரிட்டவர்கள் கொஞ்சம் அதிகமாகவே பிளந்தார்கள்.

வைத்தியம் எளிது. டிக்கெட் வாங்கி, இருட்டில் உட்கார்ந்து சாமி விற்கும் மல்லாட்டையைத் தின்ன வேண்டும். உடனே அவரவர் இதயம் 'லப்டப்' என்று கிடங்கே அதிரத் துடிக்கும். காதால் கேட்டபின் சந்தேகம் ஏது? டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் தொடக் கூடாது. அதில் வெளிச்சம் பட்டிருக்கிறதாம்.

ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்த வளவனூர் பெரியதம்பி மாத்திரையை விட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாலே மூச்சு வாங்கியது. மனைவி பாஞ்சாலி கெஞ்சினாள், ஏசினாள், கடைசியில் தானும் கூட வந்து இருட்டில் உட்கார்ந்தாள். ஊரே உருகிய அந்தத் துடிப்பு நடுவில் 'லூ...ப் டூ...ப்' என்று இழுத்தது. சமாதி நிலை என்றார் சாமி. பாஞ்சாலிக்குத் தன் வீட்டு மிக்சி ஞாபகம் வந்தது. லோ வோல்டேஜில் அதுவும் இப்படித்தான் சமாதி அடையும்.

தடவிக்கொண்டே வெளியே போய், வாசல் சுவரில் இருந்த பீஸ் கட்டையைப் பிடுங்கினாள்.

விளக்கே இல்லாத இடத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகக் கூடாது. இங்கே முந்நூறு இதயங்களும் ஒன்றாக நின்றுபோயின.

"பாஞ்சாலி, நான் செத்துட்டேன்" என்றது பெரியதம்பியின் குரல்.

"யோவ், செத்தவன் எங்கனா பேசுவானா? எந்திரிச்சி வாய்யா."

கதவை அகலத் திறந்தாள். வெளிச்சத்தில் நான்கு கல்யாண வீட்டு ஸ்பீக்கர்களும் ஓர் ஓட்டை டேப் ரெக்கார்டரும் பல்லிளித்தன. நடுவில் சாமி. நெஞ்சைப் பிடித்தபடி மடியிலிருந்து மாத்திரை ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார்.

பெரியதம்பி பதறிவிட்டார். "சாமி, வேணாம் சாமி. அதுல வெளிச்சம் பட்டிருக்கு."

சாமி கேட்கவில்லை, விழுங்கினார். அதைப் பார்த்த பிறகுதான் பெரியதம்பி மனைவியிடம் கையை நீட்டினார். பாஞ்சாலி முந்தானை முடிச்சை அவிழ்த்து அவருடைய மாத்திரையை வைத்தாள்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், நல்லதுதான். வீட்டு இருட்டுக்கு யாரும் டிக்கெட் கிழிப்பதில்லை. மண்டைக்குள் இருக்கும் பீஸ் கட்டையை மட்டும் பிடுங்கிச் சாமியார் கையில் கொடுத்துவிடாதீர்கள்.