ஒன்றுக்கு இருநூறு

ஜெயிக்கிற அணிக்கு ரசிகனாக இருக்கப் பெரிய மனது ஒன்றும் வேண்டாம். தோற்கிற அணிக்கு ரசிகனாக இருப்பவனைத்தான் வீட்டில் கவலையோடு பார்ப்பார்கள். நான் இரண்டாவது வகை. இங்கிலாந்தில் ஒரு கால்பந்து அணி. பெயரைச் சொல்ல மாட்டேன் (இதுவரை சிரித்தவர்கள் போதும்).

ஒரு சீசன் முடிந்த கையோடு, அடுத்த கோப்பை யாருக்கு என்று பந்தய விகிதம் வெளியிட்டுவிடுவார்கள். நான் ஒரு ரூபாய்கூடப் பந்தயம் கட்டியதில்லை. ஆனால் சிலர் ராசிபலன் படிப்பதைப் போல அந்த எண்களை அப்போது தினமும் படிப்பேன். என் கல்யாண வருடம் எங்கள் அணிக்கு ஒன்றுக்கு இருநூறு. ஒரு ரூபாய் கட்டி, அவர்கள் ஜெயித்தால் இருநூறு வரும். ஜெயிக்கவே மாட்டார்கள் என்பதை உலகம் இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறது.

ஒரு ஞாயிறு, சூரமங்கலம் மாதா கோயிலில் எனக்கும் ஓமலூர் ஸ்டெல்லாவுக்கும் இரண்டாம் ஓலை வாசித்தார்கள். (இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பார்கள். யாரும் போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.) பூசை முடிந்ததும் எதிர் பேக்கரிக்கு ஓடினேன். அங்கே செல்போன் கடை ரஃபீக் காத்திருந்தான். அவன் ஜெயிக்கிற அணியின் ஆள்.

"எங்க டீமு ஒண்ணுக்கு ரெண்டுக்கு வந்திருச்சு, பாத்தியா?" என்றான்.

"அதுல கட்டி என்னடா லாபம்? எங்க டீமுல ஆயிரம் ரூவா போட்டுப் பாரு. ரெண்டு லட்சம்! ஊட்டுக்கு மாடியே எடுக்கலாம்!" என்று மேஜையைத் தட்டினேன்.

ரஃபீக் சிரிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே தேங்காய் பன் பொட்டலத்தோடு ஸ்டெல்லாவின் அப்பா நின்றார். ஓலை வாசிப்பதைக் காதாரக் கேட்க ஓமலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். பன் எனக்காக வாங்கியது. அதைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் திரும்பிப் போனார்.

அவருடைய அண்ணன் சீட்டாட்டத்தில் லாரியையே தோற்றவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் பங்கில் தடை சொல்ல ஒருவர் கிளம்பினார் என்றால், அவர் பெண்ணைப் பெற்றவர்.

மாலையில் சாமியார் அறையில் விசாரணை. ஸ்டெல்லாவும் வந்திருந்தாள்.

"நான் சூதாடறதே இல்லீங்க சாமி" என்றேன்.

சாமியார் நல்லவர். "அது கிடக்கட்டும்ப்பா. அடுத்த சீசன் கப்பு யாருக்குத்தான் கெடைக்கும்?" என்று பொதுவாகக் கேட்டார்.

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். முதல் அணி தொடங்கிக் கடைசி அணிவரை ஒவ்வொன்றின் விகிதத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். (செபங்களில் எனக்கு அவ்வளவு தேர்ச்சி கிடையாது.)

ஸ்டெல்லாவின் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தீங்களா சாமி? எங்கண்ணனும் மொதல்ல சும்மா வேடிக்கதானுங்க பாத்தாரு."

வேடிக்கைக்கும் ஆசைக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. கல்யாணம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

அப்போது ஸ்டெல்லா கேட்டாள்: "ஏனுங்க, உங்க டீமு கடைசியா எப்பங்க கப்பு வாங்குச்சு?"

"நான் பாக்க ஆரம்பிச்சு வாங்குனதே இல்லீங்க. பள்ளிக்கூடத்துல இருந்து பாக்கறனுங்க."

"உங்க சிநேகிதர் டீமுக்கு மாறியிருக்கலாமல்லங்க?"

"அதெப்படீங்க மாற முடியும்?" கேள்வியே எனக்குப் புரியவில்லை.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "பெரியப்பா காசு வரும்னு போய் உக்காந்தாருப்பா. இவரு வராதுன்னு தெரிஞ்சே உக்காந்திருக்காரு. இத்தன தோத்தும் உட்டுட்டுப் போவாதவரு, என்னைய உட்டுட்டுப் போயிருவாரா?"

சாமியார் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் பார்த்தார். அவள் அப்பா, இனிமேல் அந்த எண்களைப் பார்க்கவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள்.

சத்தியத்தை இன்றுவரை காப்பாற்றுகிறேன். எனக்குப் பதிலாக மாமனார் பார்க்கிறார். சீசன் முடிந்ததும் ரஃபீக்குக்குப் போன் போட்டு விசாரித்து, தேங்காய் பன்னோடு வந்து, "மாப்ளே, இந்த வருசம் முன்னூறாமுங்க!" என்பார், முகமெல்லாம் நிம்மதியாக. எண் ஏற ஏறத் தன் மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

போன வருடம் எப்படியோ அது ஐம்பதுக்கு இறங்கிவிட்டது. அன்றைக்கு அவர் பன்னைத் தொடவே இல்லை.

"ஜெயிச்சுப்போட்டா என்னங்க மாப்ளே பண்ணுவீங்க?" என்றார்.

ஜெயிக்கிற அணிக்கு ரசிகனாக இருந்து எனக்குப் பழக்கமில்லை; யோசிக்க ஆரம்பித்தேன். சமையலறையில் ஸ்டெல்லா தாளிக்கிற சத்தம் நின்றுவிட்டது.