சத்தத்தில் சூடு தேடுகிறவர்கள்

சத்தத்தைத் தொட்டுப் பார்க்கிற ஓர் இனம் எங்கள் கரையோரத்தில் உண்டு. சும்மா காது உள்ளவர்களை இந்த இனம் மதிப்பதில்லை. பழைய வால்வு அம்பிளிபயர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களை உட்காரவைத்து, கண்ணாடிக் குமிழ்கள் சிவக்கும்வரை மூச்சுவிடாமல் காத்திருக்கச் செய்து, கண்ணை மூடச் சொல்லி, ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, "விளங்குதா?" என்று கேட்பார்கள். விளங்கவில்லை என்று சொல்லிப் பாருங்கள். முதலிலிருந்து தொடங்கும்.

சாய்ந்தமருதில் பர்ஹான் இந்த இனம். ஏ.எல். பரீட்சை முடித்து வேலை தேடுகிறவன். வயது இருபது, பேச்சுக்கு வயது அறுபது. வால்வுக் காலத்தில் அவனுடைய வாப்பாவே பொடியன். ஆனாலும் "அந்தக் காலத்துச் சத்தம்" என்று பெருமூச்சு விடுவான். பொத்துவிலில் மூடிப்போன ஒரு லவுட்ஸ்பீக்கர் கடையிலிருந்து தன் வால்வுப் பெட்டியை, அவ்வளவு பாரத்தையும், பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவன் அல்லவா?

"சத்தத்தில ஒரு சூடு இரிக்கி, ராத்தா."

"ஓம், பெட்டியிலயும் இரிக்கி. போன கிழமை என்ட கையச் சுட்டது அதுதானே," என்பாள் அவனுக்கு மூத்தவளான றுகையா ராத்தா.

அவள் கணவர் பளீல் மச்சான் கட்டாரிலிருந்து புதுப் பாட்டுப் பெட்டி ஒன்று அனுப்பியிருந்தார். பார்வைக்குப் பழசு: மரநிறம், பித்தளைத் திருகி, முகப்பில் மஞ்சள் வெளிச்சம். உள்ளே உள்ளங்கையளவு தகடு, மீதி காற்று. 'தாடி ஒட்டின பொடியன்' என்று பர்ஹான் அதற்குப் பெயர் வைத்தான். வீட்டில் ஆளில்லாத நேரம் அதில்தான் பாட்டுக் கேட்டான். எங்கள் இனத்தின் இரகசியங்களை வெளியே சொல்லக் கூடாது.

சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு, மண்டபம் சிறியது. ராத்தாவுக்கு மாதம் நெருங்க, தொட்டிலுக்கு இடம் வேண்டியிருந்தது.

"ரெண்டில ஒண்டு போகணும். எது எண்டு நீயே சொல்லு," என்றாள் அவள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? புதியதை யாருக்காவது கொடுப்போம், வால்வு போனால் நானும் போவேன் என்றான் பர்ஹான்.

யுத்தம் முடிந்து மூன்றாம் வருஷம், சித்திரை மாதத்தில் ஒரு பின்னேரம், "கடல் வருதாம்" என்று தெரு கத்தியது. ஒருமுறை கடல் வந்துபோன ஊரில் மறுமுறை யாரும் விசாரித்துக்கொண்டு நிற்பதில்லை. பர்ஹான் ஒரு கையால் ராத்தாவைப் பிடித்து, மறுகையால் பெட்டியை அள்ளிக்கொண்டு, ஊரோடு ஊராக வயல்பக்கம் போனான். வரம்பில் உட்கார்ந்த பிறகுதான் ராத்தா அவன் மடியைப் பார்த்தாள். புதுப் பெட்டி.

"வால்வு எங்கடா?"

"அபூர்வமான சாமான அவசரத்தில தூக்கப்படாது, ராத்தா. நிதானமா எடுக்கணும்."

"அப்ப கடலுக்குச் சொல்லு, நிதானமா வரட்டும்."

பக்கத்தில் இருந்தவர்கள் பயத்தையும் மறந்து சிரித்தார்கள். கடல் வரவில்லை.

"மறுகா என்ன," என்றாள் ராத்தா எழும்பும்போது, "எது போகுதெண்டு தெரிஞ்சிட்டுதானே."

அடுத்த நாள் வால்வுப் பெட்டி, கல்முனையில் ரேடியோ திருத்தும் செல்லத்தம்பியிடம் போனது. அந்த இடத்தில் தொட்டில். பர்ஹான் இப்போதும் வருகிறவர்களிடம் வால்வின் அருமையைச் சொல்கிறான். புதுப் பெட்டியைப் போட்டுக்கொண்டுதான் சொல்கிறான்.

நீங்கள் சிரிக்கலாம். வாய் புகழ்கிற ஒன்றும் கை எடுக்கிற வேறொன்றும் உங்கள் வீட்டில் இல்லையா? எதற்கும், அடுத்த முறை தெரு கத்தினால், வரம்பில் உட்காருவதற்கு முன் மடியைத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.